கடிந்துகொள்ளப்படும்போது கற்ற கல்வியை எங்கே வைப்பது: ஒரு முழுமையான வழிகாட்டி

படித்தவர்களைத் திருத்துவது கடினம் என்று சபைகளில் அடிக்கடி சொல்லக் கேட்கிறோம். அதில் பாதி உண்மை இருக்கிறது. கடிந்துகொள்ளப்படுவதை யாருமே விரும்புவதில்லை. படிக்காதவரும் அதை வெறுக்கத்தான் செய்கிறார். ஆனால் அவர் தம் வெறுப்பை முகத்தைத் திருப்பிக்கொண்டோ, கோபத்தோடு இரண்டு வார்த்தை பேசியோ காட்டிவிடுகிறார். படித்தவருக்கோ அந்த வெறுப்பை நியாயமான வாதமாக மாற்றிக்கொள்ளும் திறமை இருக்கிறது. தாம் கோபப்படுவதே அவருக்குத் தெரியாமல் போகுமளவுக்கு அந்த வாதம் நேர்த்தியாக அமைந்துவிடும். தேவ ஞானத்தை உலகக் கல்விக்கு மேலாக மதிக்கிறோம் என்று பாடுவதும் ஜெபிப்பதும் எளிது. அந்த மதிப்பு உண்மையானதா என்பது, நம்மைவிடக் குறைவாகப் படித்த ஒருவர் நம் தவறை நம்மிடமே சொல்லும்போதுதான் தெரியவருகிறது. அந்த நேரத்திலும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு விசுவாசி என்னென்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாக இங்கே பார்க்கலாம்.

முதல் படி: கல்வியின் இடத்தை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்

கடிந்துகொள்ளப்படும் நேரத்தில் புதிதாக ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள முடியாது. ஆகையால் அமைதியான நாட்களிலேயே, கற்ற கல்வி எதற்காகத் தரப்பட்டது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

வேதாகமம் கல்வியை இகழவில்லை. மோசே எகிப்தியருடைய சகல சாஸ்திரங்களிலும் கற்பிக்கப்பட்டவர் என்று அப்போஸ்தலருடைய நடபடிகள் 7:22 சொல்லுகிறது. தானியேலும் அவருடைய தோழர்களும் கல்தேயருடைய எழுத்தையும் பாஷையையும் கற்றார்கள். அந்தப் படிப்பில் அவர்களுக்கு அறிவைக் கொடுத்தவர் தேவனே என்று தானியேல் 1:17 கூறுகிறது. பவுல் வேதபண்டிதரான கமாலியேலின் பாதத்தருகே வளர்ந்தவர். ஆகவே, படிப்பைக் குறித்து வெட்கப்படுவதோ, படிக்காதிருப்பதையே பக்தியாகக் காட்டிக்கொள்வதோ இந்தப் பாதையின் தொடக்கம் அல்ல. படிப்பை ஏளனம் செய்கிற பக்தியிலும் பெருமை உண்டு. அதுவும் கடிந்துகொள்ளுதலுக்குச் செவிகொடுக்காது.

"கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம், மூடர் ஞானத்தையும் போதகத்தையும் அசட்டைபண்ணுகிறார்கள்" என்கிறது நீதிமொழிகள் 1:7. ஒருவர் எவ்வளவு கற்றிருந்தாலும், அந்தக் கல்வி கர்த்தருக்குப் பயப்படும் பயத்தின் கீழ் இருக்கும்வரை அது ஊழியக்காரன். அந்தப் பயத்திலிருந்து விலகிவிட்டால் அதுவே எஜமானாகிவிடும். இதை ஓர் எளிய கேள்வியால் சோதித்துக்கொள்ளலாம். நான் கற்றவற்றில் எதையாவது, தேவனுடைய வார்த்தைகூடத் தொடக்கூடாத இடத்தில் வைத்திருக்கிறேனா? பட்டம், பதவி, எழுதிய புத்தகங்கள், இத்தனை ஆண்டு அனுபவம் என்று எதுவாக இருந்தாலும், அதைச் சுட்டிக்காட்டி ஒருவர் பேசியவுடன் நம் குரல் உயருமானால், விடை கிடைத்துவிட்டது.

இரண்டாம் படி: உடனே பதில் சொல்லாதிருங்கள்

"காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்று நீதிமொழிகள் 18:13 எச்சரிக்கிறது. கற்றவர்களிடம் இந்தத் தவறு சற்று வேறு வடிவில் வருகிறது. அவர்கள் குறுக்கே பேசுவதில்லை, நாகரிகமாகக் காத்திருக்கிறார்கள், ஆனால் காத்திருக்கும் நேரம் முழுவதும் மறுமொழியைத் தயாரித்துக்கொண்டிருக்கிறார்கள். எதிரே இருப்பவர் பேசி முடிப்பதற்குள் தீர்ப்பே எழுதி முடிந்திருக்கும்.

ஆகவே வாயை மூடிக்கொள்வது மட்டும் போதாது. அவர் சொன்னதை அவருடைய வார்த்தைகளிலேயே திருப்பிச் சொல்லி, "நீங்கள் சொல்வது இதுதானே?" என்று கேளுங்கள். அவர் ஆம் என்று சொல்லும்வரை வேறொன்றும் பேச வேண்டாம். பிறகு, "யோசித்து, ஜெபித்துவிட்டு உங்களிடம் பேசுகிறேன்" என்று சொல்லி, எப்போது பேசுவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நாள் குறிப்பிடாமல் யோசிக்கிறேன் என்பது பெரும்பாலும் தட்டிக்கழிப்பதில்தான் முடிகிறது.

மூன்றாம் படி: சொன்னவரையும் சொல்லப்பட்டதையும் தனித்தனியே வையுங்கள்

அலெக்சந்திரியாவில் பிறந்த அப்பொல்லோவை வேதம் சாதுரியவான் என்றும் வேதாகமங்களில் வல்லவன் என்றும் அறிமுகப்படுத்துகிறது. அவர் எபேசுவின் ஜெப ஆலயத்தில் தைரியமாகப் பேசினார். ஆனால் யோவான் கொடுத்த ஸ்நானத்தை மாத்திரமே அறிந்திருந்தார். அவருடைய போதனையில் இருந்த குறையைக் கண்டவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். இருவரும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். அவர்கள் கூட்டத்தின் நடுவே எழுந்து அவரை மறுக்கவில்லை. அவரைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை அதிக திட்டமாய் விவரித்துக் காண்பித்தார்கள் (அப்போஸ்தலர் 18:26). அப்பொல்லோ என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. அடுத்த வசனங்களில் அவர் அகாயாவுக்குப் போகிறார், அங்கே விசுவாசிகளுக்கு மிகவும் உதவியாயிருக்கிறார், இயேசுவே கிறிஸ்து என்று வேதவாக்கியங்களைக்கொண்டு பலமாய் நிரூபிக்கிறார். அவருடைய கல்வி எங்கும் போய்விடவில்லை. திருத்தப்பட்ட பிறகு அது முன்பைவிடப் பயன்பட்டது.

இதற்கு நேர் எதிரான காட்சி யோவான் 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பிறவிக்குருடனாயிருந்து பார்வையடைந்தவன், வேதத்தைக் கற்றுத் தேர்ந்த பரிசேயர்களுக்கு முன்பாக நின்று, தான் அறிந்த ஒன்றைச் சொல்லுகிறான். அவனுடைய நியாயத்தில் ஓட்டை எதையும் அவர்களால் காட்ட முடியவில்லை. ஆகவே, "முழுவதும் பாவத்தில் பிறந்த நீ எங்களுக்குப் போதிக்கிறாயோ" என்று சொல்லி அவனைப் புறம்பே தள்ளிவிடுகிறார்கள். சொல்லப்பட்டதற்குப் பதில் இல்லாதபோது சொன்னவனுடைய தகுதியைக் கேட்கும் பழக்கம் அங்கே அப்பட்டமாகத் தெரிகிறது.

நடைமுறையில் இதற்கு ஒரு வழி உண்டு. உங்களிடம் சொல்லப்பட்ட குறையை ஒரு தாளில், சொன்னவரின் பெயர் இல்லாமல் எழுதுங்கள். அவர் சொன்ன தொனி, இடம், நேரம் ஆகியவற்றையும் விட்டுவிடுங்கள். நீங்கள் மிகவும் மதிக்கும் ஒரு போதகர் இதே வாக்கியத்தை உங்களிடம் சொல்லியிருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குஷ்டரோகம் நீங்க வழி தேடி வந்த சீரிய படைத்தலைவனான நாகமானுக்கு, எலிசா தீர்க்கதரிசியின் வார்த்தையைவிட அது சொல்லப்பட்ட விதம்தான் முதலில் உறுத்தியது. தீர்க்கதரிசி வெளியே வந்து நின்று பேசவில்லையே என்பதே அவனுடைய கோபம். கடைசியில் அவனுக்குப் புத்தி சொன்னவர்கள் அவனுடைய ஊழியக்காரர்கள்.

நான்காம் படி: கல்வி தேடித் தரும் சாக்குகளை அடையாளம் காணுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம். இறையியல் பட்டம் பெற்ற ஒருவர் வேதபாட வகுப்பு நடத்துகிறார். ஒரு சிறுவன் ஏதோ ஒரு கேள்வி கேட்கிறான். கேள்வி சற்று அசட்டுத்தனமாக இருக்கிறது. ஆசிரியர் சிரித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுகிறார். வகுப்பு முடிந்து எல்லாரும் நாற்காலிகளை ஓரமாக எடுத்துவைத்துக்கொண்டிருக்கும்போது, வயதான தாயார் ஒருவர் அவரிடம் வந்து மெதுவாகச் சொல்கிறார்: "தம்பி, அந்தப் பையன் கேட்டதுக்கு நீங்க சிரிச்சிட்டீங்க. அவன் இனிமே கேட்கமாட்டான்."

அவருடைய உள்ளத்தில் அந்தக் கணத்தில் எழக்கூடியவற்றை வரிசையாகப் பாருங்கள். நான் சிரித்தது அவனைப் பார்த்து அல்ல, கேள்வியின் வேடிக்கைக்காக என்ற விளக்கம் முதலில் வரும். இது குற்றத்தின் பெயரை மாற்றும் வழி. கற்பிக்கும் முறைகளைப் பற்றி இந்த அம்மாவுக்கு என்ன தெரியும் என்ற எண்ணம் அடுத்தது. இது சாட்சியைத் தகுதியற்றவராக்கும் வழி. இனிமேல் கேட்கவே மாட்டான் என்பது மிகைப்படுத்தல் என்ற மறுப்பு அதற்கடுத்தது. இது சொன்னவரின் வாக்கியத்தில் உள்ள சிறிய பிழையைக் காட்டிப் பெரிய உண்மையைத் தள்ளிவிடும் வழி. போன வாரம் இந்த அம்மாவே ஜெபவேளையில் பேசிக்கொண்டிருந்தாரே என்ற நினைவும் தவறாமல் வரும். கடைசியாக, மிகவும் பக்தியான உருவத்தில், வசனத்தின் ஆழத்துக்குப் போகவேண்டியிருந்ததால் நேரத்தை வீணாக்க முடியவில்லை என்ற காரணம் வந்து சேரும். இந்த ஐந்தில் எதுவும் முழுப்பொய் அல்ல. ஆகையால்தான் இவை ஆபத்தானவை. பையன் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தானா இல்லையா என்ற ஒரே கேள்விக்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை.

சவுல் ராஜா இதே வழியில்தான் நடந்தான். அமலேக்கியரையும் அவர்களுடைய ஆடுமாடுகளையும் முற்றிலும் அழிக்கும்படி கொடுக்கப்பட்ட கட்டளையை மீறிவிட்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்று சாமுவேல் தீர்க்கதரிசியை வரவேற்றான். ஆடுகளின் சத்தமும் மாடுகளின் சத்தமும் என்ன என்று சாமுவேல் கேட்டபோது, ஜனங்கள் தப்பவைத்தார்கள் என்றான். அதுவும் கர்த்தருக்குப் பலியிடுவதற்காக என்றான். பழியை மற்றவர்கள்மேல் போடுவதும், மீறுதலுக்குப் பக்தியான நோக்கம் கற்பிப்பதும் ஒரே மூச்சில் வந்துவிட்டன.

உசியா ராஜாவின் வரலாறு கல்விக்கும் திறமைக்கும் இன்னும் நெருக்கமானது. பதினாறு வயதில் அரியணை ஏறி 52 ஆண்டுகள் எருசலேமில் அரசாண்டவன் அவன். துரவுகளை வெட்டினான், வேளாண்மையை விரும்பினான், கோபுரங்களின் மேலிருந்து அம்புகளையும் பெரிய கற்களையும் எறியும் யந்திரங்களை வல்லுநர்களைக்கொண்டு செய்வித்தான். அவன் பலப்பட்டபோது அவனுடைய மனம் மேட்டிமையானது என்று 2 நாளாகமம் 26:16 சொல்லுகிறது. ஆசாரியர்கள் மட்டுமே செய்ய வேண்டிய தூபங்காட்டுதலைச் செய்ய அவன் ஆலயத்துக்குள் போனபோது, அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் உள்ளே போய் அவனைத் தடுத்தார்கள். அப்போதும் அவனுக்குத் திரும்பி வர வாய்ப்பு இருந்தது. ஆனால் தூபகலசம் கையில் இருக்கும்போதே அவன் அவர்கள்மேல் கோபங்கொண்டான். அந்தக் கோபத்தின் நடுவேதான் அவனுடைய நெற்றியில் குஷ்டரோகம் தோன்றியது. கடிந்துகொள்ளுதல் வருவதற்கு முன்பு செய்த மீறுதலைவிட, வந்த பிறகு காட்டிய கோபத்தோடு அந்த நியாயத்தீர்ப்பு இணைத்துச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் உள்ளத்தில் எழுந்த மறுமொழிகளை எல்லாம் மூன்றாம் படியில் எழுதிய குறைக்குக் கீழே எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இது அந்தக் குறையைப் பொய்யாக்குகிறதா, அல்லது பேச்சை வேறு பக்கம் திருப்புகிறதா என்று குறியுங்கள். திருப்பிவிடும் மறுமொழிகளை அடித்துவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். சில நேரங்களில் எதுவுமே மிஞ்சாது.

ஐந்தாம் படி: மிஞ்சியதை வேதத்தின் வெளிச்சத்தில் ஆராயுங்கள்

கடிந்துகொள்ளுதல் எல்லாமே தேவனிடத்திலிருந்து வருவதல்ல. யோபுவின் சிநேகிதர்கள் அழகான வசனநடையில், பல இடங்களில் சரியான உபதேசத்தோடு, தவறான மனிதனைக் கடிந்துகொண்டார்கள். தேவனைக் குறித்து அவர்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தரே முடிவில் சொன்னார். ஆகவே தாழ்மை என்றால் சொல்லப்பட்ட எதற்கும் தலையாட்டுவது என்று எண்ணிவிடக்கூடாது. பெரோயா பட்டணத்தார் பவுல் பேசியதையே மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டும், தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தும் பார்த்தார்கள். விருப்பமும் ஆராய்ச்சியும் அங்கே ஒன்றாக இருந்தன. நாம் பெரும்பாலும் விருப்பமில்லாமல் ஆராய்கிறோம்.

யாக்கோபு 3:17 பரத்திலிருந்து வருகிற ஞானத்தின் அடையாளங்களைத் தருகிறது: அது சுத்தமுள்ளது, சமாதானமும் சாந்தமும் இணக்கமும் உள்ளது, இரக்கத்தாலும் நற்கனிகளாலும் நிறைந்தது, பட்சபாதமில்லாதது, மாயமற்றது. இந்த வசனத்தைக் கடிந்துகொண்டவர்மேல் பிரயோகிக்கவே நமக்குத் தோன்றும். அவர் சாந்தமாகப் பேசினாரா என்று பார்க்கவே மனம் ஓடும். முதலில் அதை நாம் தயாரித்து வைத்திருக்கும் பதிலின்மேல் பிரயோகிக்க வேண்டும். என் பதில் இணக்கமுள்ளதா? மாயமற்றதா? என் நண்பர் ஒருவர் இதே தவறைச் செய்திருந்தால் அவருக்காகவும் இதே வாதத்தை ஏற்றுக்கொண்டிருப்பேனா?

ஆராய்ந்த பிறகும் குறை உண்மையல்ல என்று தெரிந்தால், அன்னாளைப் பின்பற்றலாம். மனம்கசந்து அழுது ஜெபித்துக்கொண்டிருந்தவளை, குடித்து வெறித்திருக்கிறாள் என்று எண்ணி ஆசாரியனாகிய ஏலி கடிந்துகொண்டார். "அப்படியல்ல, என் ஆண்டவனே" என்று தொடங்கி, தான் குடிக்கவில்லை என்பதையும், தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றியதையும் அவள் சொன்னாள். உண்மையை மறைக்கவில்லை, மரியாதையையும் விடவில்லை, ஆசாரியனுக்குப் பகுத்தறிவு இல்லை என்று போதிக்கவும் புறப்படவில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தேவ ஞானம் என்ற பெயரில் உண்மைத் தகவலை மூடிமறைக்கக் கேட்கிறவர்களும் உண்டு. கணக்குப் படித்த ஒரு பொருளாளர், ரசீது இல்லாத செலவைச் சுட்டிக்காட்டும்போது, உலக அறிவால் பேசுகிறீர்கள், விசுவாசத்தோடு அமைதியாயிருங்கள் என்று சொல்லப்பட்டால், அவர் அமைதியாயிருக்க வேண்டியதில்லை. காணிக்கையைக் கையாளும்போது கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவற்றைச் செய்ய நாடுகிறோம் என்று பவுலே 2 கொரிந்தியர் 8:21இல் எழுதுகிறார். மருத்துவமும் கணக்கும் சட்டமும் காட்டும் உண்மைகள் கடிந்துகொள்ளுதலால் பொய்யாகிவிடாது. அதேபோல, ஒருவரைக் கொடுமைப்படுத்துவதும் அவமானப்படுத்துவதும் சிட்சை ஆகாது. அப்படிப்பட்ட இடத்தில் பொறுத்துக்கொள்வதைவிட வெளியே சொல்லி உதவி தேடுவதே சரியானது. கல்வி கீழ்ப்பட வேண்டியது தேவனுடைய உண்மைக்கே. எந்த மனிதருடைய வசதிக்கும் அல்ல.

ஆறாம் படி: ஒப்புக்கொள்ளும்போது குறைவாகப் பேசுங்கள்

சவுலும் தாவீதும் ஒரே வார்த்தைகளைத்தான் சொன்னார்கள்: பாவஞ்செய்தேன். ஆனால் சவுல் அதைச் சொன்ன கையோடு, ஜனத்தின் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனம்பண்ணும்படி சாமுவேலிடம் கேட்டான். தாவீதின் பாவத்தைச் சுட்டிக்காட்ட வந்த நாத்தான் தீர்க்கதரிசி, "நீயே அந்த மனுஷன்" என்று சொன்னபோது தாவீதின் பதில், "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்பதோடு நின்றுவிட்டது. சூழ்நிலையை விளக்கத் தாவீதுக்கு மொழித்திறன் இல்லாமல் இல்லை. சங்கீதங்கள் பாடிய நாவு அது. அந்தத் திறனை அவன் அப்போது பயன்படுத்தவில்லை.

எழுத்திலும் பேச்சிலும் வல்லவர்களுக்கு இது கடினமான படி. அவர்களுடைய மன்னிப்பு ஒரு கட்டுரையாகிவிடுகிறது. "நான் சொன்ன விதம் உங்களைப் புண்படுத்தியிருந்தால்" என்ற வகையான வாக்கியங்களை நீக்கிவிடுங்கள். "ஆனால்" என்ற சொல் வருமிடத்தில் முற்றுப்புள்ளி வையுங்கள். நம் வகுப்பாசிரியர் அந்தத் தாயாரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "ஆமாம்மா, சிரிச்சேன். தப்புதான். பையன்கிட்டப் பேசுறேன்."

ஏழாம் படி: திருத்தத்தைக் கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக்குங்கள்

மோசே காலை தொடங்கி மாலைவரை தனியாக உட்கார்ந்து ஜனங்களை நியாயம் விசாரிப்பதைக் கண்ட அவருடைய மாமனாகிய எத்திரோ, அவர் செய்கிற காரியம் நல்லதல்ல என்றார். எத்திரோ மீதியான் தேசத்து ஆசாரியர். கர்த்தரோடு பேசியவர் மோசே. இருந்தும் அவர் தம் மாமன் சொல்லைக் கேட்டு, ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை நியமித்தார். எத்திரோவும் தம் ஆலோசனையைச் சொன்னபோது, தேவன் இப்படி உமக்குக் கட்டளையிட்டால் என்ற நிபந்தனையோடு சொன்னதைக் கவனியுங்கள். நீங்களும் இனி மாறுவேன் என்று பொதுவாகச் சொல்லாமல், எதை, எந்த நாளில், யாரிடம் செய்யப்போகிறீர்கள் என்று குறியுங்கள். தவறு பலர் முன்னிலையில் நடந்திருந்தால் திருத்தமும் அவர்கள் அறிய நடக்கட்டும். அந்தச் சிறுவனின் கேள்வியை அடுத்த வகுப்பில் அதே கூட்டத்துக்கு முன்பாக எடுத்து, அதற்குரிய மதிப்போடு பதில் சொல்வது அப்படிப்பட்ட ஒரு செயல்.

எட்டாம் படி: கடிந்துகொண்டவரை இழந்துவிடாதீர்கள்

அந்தியோகியாவில் பவுல் பேதுருவை எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டார். இயேசுவோடு நடந்து பழகிய முதன்மையான அப்போஸ்தலனை, பின்னால் வந்த ஒருவர் கண்டித்தார். அது கலாத்தியர் நிருபத்தில் எழுத்திலும் பதிந்துவிட்டது. பேதுருவின் இரண்டாம் நிருபமோ பவுலை "நமக்குப் பிரியமான சகோதரன்" என்று அழைக்கிறது. அவருடைய நிருபங்களில் அறிகிறதற்கு அரிதானவை சில உண்டு என்று ஒப்புக்கொண்டே, அவற்றை மற்ற வேதவாக்கியங்களோடு சேர்த்துப் பேசுகிறது.

கடிந்துகொண்டவரைப் பிறகு தவிர்ப்பது பெரிய சண்டைபோல் வெளியே தெரியாது. வணக்கம் சொல்வோம், நலம் விசாரிப்போம், ஆனால் முக்கியமான காரியங்களில் அவரைக் கேட்பதை நிறுத்திவிடுவோம். அந்த விலகல் தொடங்குகிறதா என்று சில வாரங்கள் கவனியுங்கள். தொடங்கினால், அடுத்த முறை ஏதாவது ஒரு காரியத்தில் அவருடைய ஆலோசனையை நீங்களே போய்க் கேளுங்கள்.

இதற்குமேல், கடிந்துகொள்ள ஒருவரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. உங்கள் துறையைச் சேராதவராகவும், உங்கள் தயவை நம்பி வாழாதவராகவும் அவர் இருக்கட்டும். அவரிடம், என்னிடம் குறை ஏதாவது உண்டா என்று பொதுவாகக் கேட்டால், ஒன்றும் இல்லை என்ற மரியாதையான பதில்தான் வரும். சென்ற கூட்டத்தில் யாரையாவது பேசவிடாமல் செய்தேனா, வீட்டாரோடு பேசும்போது என் குரல் மாறுகிறதா என்று குறிப்பாகக் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு அன்றைக்கு எந்த விளக்கமும் தராமல், நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.